ஆய்வின் மட்டுப்பாடுகள்

சனிக்கிழமை விடிய நாலேகாலுக்கு
நோர்வூட் சந்தியில் பஸ் எடுத்தால்
பேராதனையில் எட்டரை வகுப்புக்கு
ஒன்பதுக்குப் போய்ச் சேரலாம்.
பின் வாங்கில் இடமிருக்கும்.
கல்வியில் முதுமாணி, இரண்டாம் வருடம்.
கடைசித் தவணைக் கட்டணத்துக்கு
காதில் கிடந்தது அடகுக்குப் போயிற்று.
காது இப்போது லேசாய் இருக்கிறது,
சுருதி கேட்க நல்லது என்று
சிரிப்புக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

என் தலைப்பு நீளமானது:
பெருந்தோட்டப் பாடசாலை ஒன்றில்
தரம் ஏழு மாணவரின் சுருதி உணர்வைக்
கைத்தொலைபேசிச் செயலி வழி மேம்படுத்தல்.
அதை ஒரே மூச்சில் சொல்லப் பழகியதுதான்
அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த
ஒரே குரல் பயிற்சி.

மேற்பார்வையாளர் யாழ்ப்பாணம்,
கலாநிதி குகநேசன், நல்ல மனுஷன்.
‘மாணவர் பெரும்பாலும் லயத்தில் வசிப்பவர்’
என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
சிவப்பால் வட்டமிட்டு ஓரத்தில் கேட்டிருந்தார்:
லயம் எனில் தாளத்தின் கதியா? தெளிவுபடுத்துக.
திரும்பும் பஸ்ஸில்
நாவலப்பிட்டி தாண்டும்வரை சிரித்தேன்.
கினிகத்தேனை ஏற்றத்தில்
சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

அன்றிரவு, பதங்களின் விளக்கம் என்ற பகுதியில்:
லயம், இசையில்,
இரண்டு தட்டுக்கு இடைப்பட்ட காலம்.
லயம், எங்களிடம்,
இரண்டு சுவருக்கு இடைப்பட்ட குடும்பம்,
பத்துக்குப் பன்னிரண்டு அடி.
இரண்டிலும்
அடுத்தது எப்போது என்று
எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசி மூன்று வரியை வெட்டச் சொன்னார்.
வெட்டினேன்.

முப்பத்திரண்டு பிள்ளைகள். முப்பத்திரண்டு ஸ.
போனுக்கு முன்னால் வந்து நின்று பாட
ஊசி நடுவில் நின்றால் பச்சை, விலகினால் சிவப்பு.
யோகமலர் பச்சை.
டிலக்சன் சிவப்பு, பிறகு பச்சை, பிறகு சிவப்பு,
பிறகு போனை ஒரு முறை முறைத்தான்.
ஜூன் மாதம். தகரக் கூரை.
எல்லாப் பதிவிலும் மழை.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றை
தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் பாக்கியநாதன் சேர்
பென் டிரைவில் கொண்டுவந்து தந்தார்.
ஒரேயொரு பொத்தான்.
மழை நின்றது.
இருபது வருடப் பாடசாலை வாழ்வில்
எங்கள் வகுப்பறை காய்ந்து கிடப்பதை
அன்றுதான் கேட்டேன்.

பதினேழாவது பதிவில்
மழையோடு லோகிதனும் போயிருந்தான்.
நான்கு விநாடி, சுத்தமான வெறுமை.
பிள்ளை எப்போதும் மழைக்குக்
கொஞ்சம் கீழேதான் பாடுவான்.
இயந்திரம் கணக்குப் பார்த்து
இவனும் இரைச்சல்தான் என்று
முடிவுசெய்துவிட்டது.

பழைய பதிவைத் தேடிப் போட்டு
ஹெட்செட்டை இரண்டு கையாலும் அழுத்தினேன்.
மழை.
மழை.
அதற்குள்ளே நூல் மாதிரி ஒரு ஸ,
மயிரிழை பிசகாமல்.

சேருக்குக் கோல் எடுத்தேன்.
‘விடுபட்ட தரவு எண்டு விடுங்கோ.
முப்பத்தொண்டு எண்டு போடுங்கோ.
ஒருத்தரும் கேக்க மாட்டினம்.’
அதுதான் சேர் பிரச்சினை, என்றேன்.
அவர் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சிக்னல் போனதோ, யோசித்தாரோ தெரியாது.

முப்பத்திரண்டு பதிவுக்கும்
மழையைத் திருப்பி வைத்தேன்.
நான்காம் அட்டவணை நாசமாயிற்று.
சராசரி சரிந்தது.
கருதுகோள் நிரூபிக்கப்படவில்லை என்று
தட்டச்சு செய்தபோது மின்சாரமும் போனது.
மட்டுப்பாடுகள் என்ற தலைப்பின் கீழ்
ஒரு வரி சேர்த்தேன்:
ஆய்வாளரின் செவி, செயலியின் செவி
இரண்டும் போதாது.
இந்த வரியை அவர் வெட்டவில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை.
லோகிதன் மேசைக்குக் கிட்ட வந்து நின்றான்.
உதடு அசைந்தது.
கூரையில் நல்ல மழை.
என்னடா, என்றேன்.
அசைந்தது.
கதிரையை இழுத்துப்போட்டு
அடகுக்குப் போன காதை
அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

‘டீச்சர், என்டது பச்சையா?’